முதல் வரியில் இருந்த பெயர்

"எம்பேரு ஏன் புள்ள லிஸ்ட்ல இல்ல?" என்று எஸ்டேட் ஆபீஸ் ஜன்னலில் வந்து கேட்டாள் தெய்வம்மா.

"உங்க நம்பர் ரெண்டு டிவிஷன்லயும் வருதுங்க அக்கா," என்றாள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சுவாதி, திரையைப் பார்த்தபடியே.

"இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு ரெண்டு மலையில கொழுந்து எடுக்கிறேனா? அப்போ ரெண்டு கூடை குடுங்க."

உள்ளே ஹெட் கிளார்க் எட்மண்ட் சிரித்தார். "கம்ப்யூட்டர்கிட்ட வாயாடாதே தெய்வம்மா. அது உன்னாட்டம் சிலோன் கதை சொல்லாது."

"அவரு கெடக்காரு. நீ படிச்ச புள்ள, நீ சொல்லு. நானா களவு பண்ணேன்?"

"கம்ப்யூட்டர் தப்பா சொல்லாதுங்க," என்றாள் சுவாதி.

தேயிலை விலை விழுந்து, வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றிருந்த வருஷம் அது. கூடுதல் நாள் கூலிக்காக இரண்டு டிவிஷனில் பெயர் வைத்திருப்பவர்களைக் கண்டுபிடித்து நீக்கச் சொல்லியிருந்தார்கள். டிவிஷனுக்கு ஒன்றாக மூன்று ஃபைல். ஒன்றில் வரும் நம்பர் இன்னொன்றிலும் வந்தால், பின்னால் வரும் பெயரைக் காட்டும்படி சுவாதி பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். காட்டியது ஒரே ஒரு பெயரை.

தெய்வம்மா ஒன்பது வயதில் சிலோனில் பதுளையிலிருந்து கப்பலேறி வந்தவள். பதினாலில் கூடை மாட்டியவள். திருப்பூருக்குப் போன புருஷன் திரும்பவில்லை. இரண்டு பெண்களை அந்தக் கூடைதான் வளர்த்தது. பிள்ளைத்தாய்ச்சி யாராவது பின்தங்கினால் தன் கொழுந்தில் இரண்டு பிடி அள்ளி அவள் கூடையில் போடுவாள். அவளைத்தான் லயத்து வீடுகளில் 'ரெண்டு பேருக்காரி' என்றார்கள்.

பெயரை நீக்கிய பதினோராம் நாள் சுவாதி மூன்று ஃபைலையும் அச்செடுத்து வரிவரியாகப் பார்த்தாள். மற்ற எல்லோருக்கும் வெறும் எண். சிலோன்காரர்களுக்கு முன்பு கொடுத்த நம்பரில் ஓர் எழுத்து உண்டு. அப்படி மிஞ்சியிருந்தவள் தெய்வம்மா ஒருத்திதான். ஸ்கிரிப்ட் தேடியது எண்ணை மட்டும். வெறும் எண் கிடைக்காவிட்டால் முந்தின வரியில் எடுத்ததை அழி என்று சுவாதி எழுதவில்லை. முதல் ஃபைலின் கடைசி வரியில் இருந்த சின்னம்மை என்பவளின் நம்பர் அப்படியே தங்கி, இரண்டாம் ஃபைலின் முதல் வரியில், டிவிஷனிலேயே மூத்தவளான தெய்வம்மாவின் மேல் ஏறிக்கொண்டது.

திருத்த இரண்டு நிமிஷம் ஆனது. "லிஸ்ட் புதுசா எடுத்திருக்கேன் சார்," என்று மட்டும் எட்மண்டிடம் சொன்னாள்.

பெயர் திரும்பி வந்த அன்று தெய்வம்மா ஜன்னலுக்கு வந்தாள். எட்மண்ட் ஃபேக்டரிக்குப் போயிருந்தார். "தப்பு என்னுதுங்க அக்கா," என்றாள் சுவாதி, தனக்கே கேட்காத குரலில். திட்டினால் தேவலை என்றிருந்தது. தெய்வம்மா திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். சுவாதி சரி என்று தலையை ஆட்டினாள். மறுநாள் காய்ச்சல் என்று காந்தலில் இருக்கும் தன் வீட்டிலிருந்து போன் செய்து லீவு சொன்னாள். அதற்கடுத்த நாளும்.

தெய்வம்மா கேட்டது இவ்வளவுதான்:

"நாளைக்குக் காலையில பேரு கூப்பிடுற எடத்துக்கு வா புள்ள. எல்லாரும் நிக்கிறப்போ, இப்ப எங்கிட்ட சொன்னத ஒரு வாட்டி சத்தமா சொல்லிடு."