என் கையில் துடித்த இரத்தம்

ஆவி, மாயம் என்று யாராவது கதை தொடங்கினால் தேநீர்க் கோப்பையோடு எழுந்து போய்விடுகிறவள் நான். இறந்தவர்களின் இரத்தத்தில் என்ன மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் என் வேலை, அதற்கெல்லாம் பயந்தால் குண்டசாலையிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கண்டிக்கு வந்து இந்த ஆய்வுகூடத்தில் நிற்க முடியுமா? நீங்கள் சிரிக்கலாம், ஆனாலும் நடந்ததைச் சொல்கிறேன்.

நாவலப்பிட்டிப் பக்கத்து முதியவர் ஒருவர், இதய நோயாளி, திடீரென்று இறந்துபோனார். அவருக்கு டிகொக்சின் மாத்திரை கொடுத்துவந்தவள் மருமகள் ரீட்டா. வேண்டுமென்றே கூடுதலாகக் கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் முறைப்பாடு செய்ய, பொலிஸ் அவளை உள்ளே வைத்துவிட்டது.

இதயத்திலிருந்து எடுத்த இரத்தத்தை அளந்தேன். மருந்து மிக அதிகம். ஆனால் இறந்தபிறகு இதயத் தசையில் உள்ள மருந்து கசிந்து அங்குள்ள இரத்தத்தில் சேரும், அதனால் தொடையில் எடுத்ததைத்தான் நாங்கள் நம்புவோம். அதுவோ குழாயின் அடியில் துளியளவுதான் இருந்தது.

"இது அளக்கக் காணாது பிள்ளை. இருக்கிறதை வச்சு ரிப்போர்ட்டை எழுதுங்கோ," என்றார் மேலதிகாரி சிவநேசன் சேர்.

சரியென்று குழாயைத் திரும்ப வைக்கப் போனேன். நல்ல பகல் வெளிச்சம். குளிர்ப்பெட்டியைத் திறக்கிறேன், நம்பினால் நம்புங்கள், குழாய் என் உள்ளங்கையில் துடித்தது. என் நாடியாக இருக்கும் என்று கையை மாற்றிப் பிடித்தேன். அப்போதும் துடித்தது, தூங்குகிற மனிதரின் நெஞ்சில் கைவைத்ததுபோல நிதானமாக. என் நெஞ்சோ படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பயம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். தொழுகையில் சில வேளை ஒரு அமைதி இறங்குமே, அப்படி நின்றேன்.

"சேர், இதையும் அளந்து பார்க்கிறேன்."

"பழுதாப்போனால் திரும்ப எடுக்க ஏலாது பிள்ளை."

"தெரியும் சேர்."

அளந்தேன். மருந்து, வைத்தியர் சொன்னபடி குடித்தவருக்கு இருக்கவேண்டிய அளவில்தான் இருந்தது. சேர் அந்த எண்ணை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு ரிப்போர்ட்டில் கையெழுத்து வைத்தார்.

ரீட்டா விடுதலையான அன்று நீதிமன்ற வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குழாய் துடித்ததை நான் யாரிடமும், என் கணவரிடம்கூட, சொன்னதில்லை.

"மிஸ், உள்ளுக்கு இருக்கிறப்ப மாமா கனவுல வந்து பேசினாரு," என்றாள். "ரொம்பக் குளிரா இருந்திச்சும்மா, ஒரு பிள்ள என்னைய இந்தக் கையிலருந்து அந்தக் கைக்கு மாத்திப் பிடிச்சிச்சு, அப்பத்தான் சூடு வந்திச்சுன்னாரு. யாரைச் சொன்னாருன்னு தெரியல மிஸ்."

இன்றைக்கும் அந்தக் குளிர்ப்பெட்டியைத் திறந்தால், உள்ளே இருப்பவற்றைக் குழாய்கள் என்று நினைக்க எனக்கு மனம் வருவதில்லை.