அடுப்புப் பரணில் பதினோரு நாள்

பழனியம்மாளுக்குச் சுருட்டு பிடிக்கத் தெரியாது. ஆனால் புகையிலை தெரியும். ஏற்காடு கடைவீதியில் புகையிலைக் கடை வைத்திருக்கும் அப்துல் ரஹீம் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொண்டு வருகிற ஆள் இல்லை அவள். கட்டைப் பிரித்து, ஒரு இலையை விரலில் சுற்றிப் பார்த்து, மோந்து, நுனியில் துளி கிள்ளி நாக்கில் வைத்து, இது பழசுங்க, வேற குடுங்க என்பாள். வெற்றிலை போட ஆரம்பித்து முப்பது வருசம் ஆகிறது. ரஹீமும் சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து நல்ல கட்டை எடுத்து வருவார்.

வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் பங்களாவில் அவளுக்கு வேலை. கூட்டுவது, சமைப்பது, முதலாளி இல்லாதபோது சாவி வைத்திருப்பது. பங்களாவுக்குப் பின்னால் ஒரு அறையும் ஒரு சமையல்கட்டுமாக ஒரு ஊடு கொடுத்திருந்தார்கள். புருசன் போன பிறகு பத்தொன்பது வருசமாக அதுதான் அவளுக்கு எல்லாம். அதை விட்டால் தலை சாய்க்க வேறு கூரை கிடையாது.

முதலாளி கிறிஸ்துதாஸ் சேலத்தில் இருந்தார். நல்ல மனுசன்தான், கோபம் வந்தால் மட்டும் கண்மண் தெரியாது. மோட்டாரை மழையில் நனையவிட்டான் என்று வாட்ச்மேன் ஐயாக்கண்ணுவை ஒரே நாளில் மூட்டை கட்ட வைத்தவர். அவர் மே மாசம் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து படுக்கையறைச் சுவர் அலமாரியில் வைத்தார். உள்ளே இருபத்தைந்து சுருட்டு. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், கட்டைவிரலை விடப் பருமன். துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்த ரஹீம் மகன் ரியாஸ் வாங்கிவந்து கொடுத்த சரக்கு.

"மழை முடியறதுக்குள்ள இதுல ஒண்ணே ஒண்ணு பூஞ்சை பூத்தாலும் நீ ஊட்டைக் காலி பண்ணிக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை அது. அப்புறம் நாலு மாசம் மலை ஏறவே இல்லை.

ஆடியில் எட்டு நாள் சேர்ந்தாற்போல் வெயில் எட்டிப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் அலமாரியைத் திறந்து பார்த்தாள். சுவர் ஊறிப்போய் ஈரம் பெட்டி வரைக்கும் வந்திருந்தது. மேல் வரிசைச் சுருட்டுகளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை.

போன் செய்து சொல்லியிருக்கலாம். சொல்ல எங்கே தைரியம்? பழைய வேட்டித் துணியால் ஒவ்வொன்றையும் பூப்போலத் துடைத்தாள். பிறகு அவள் ஊரில் விதை கேழ்வரகுக்கு என்ன செய்வார்களோ அதையே செய்தாள். அடுப்புக்கு நேர் மேலே இருக்கிற பரணில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டாள். புகை படுகிற இடத்தில் புழுவும் வராது, பூஞ்சையும் வராது. பதினோரு நாள் விறகுப் புகை குடித்தது அந்தச் சீமைச் சரக்கு.

பூஞ்சை போயே போய்விட்டது. ஆனால் விரலில் உருட்டினால் சருகு மாதிரி நொறுநொறுத்தது. அதற்கும் அவளிடம் வழி இருந்தது. தன் புகையிலை காய்ந்துபோனால் சுருக்குப் பைக்குள் ஆரஞ்சுத் தோல் போட்டு வைப்பாள், மறுபடி பதமாகிவிடும். பெட்டிக்குள்ளும் போட்டாள். ஒரு வாரத்தில் சுருட்டு இளகியது. அலமாரிச் சுவரில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பெட்டியைப் பழைய இடத்தில் வைத்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி விருந்தாளியோடு வந்து இறங்கினார். பேர் சத்யராஜ். சென்னையில் பெரிய ஓட்டல்களுக்குச் சுருட்டை ருசி பார்த்துத் தரம் சொல்வதுதான் அவர் தொழிலாம். இப்படியும் ஒரு பிழைப்பு! அவர் நல்லது என்று சொல்லிவிட்டால் மாசாமாசம் சுருட்டுப் பிரியர்களை இந்தப் பங்களாவுக்கே அழைத்து வருவதாக ஏற்பாடு. ஏற்காட்டுக் குளிர் மாதிரி சுருட்டுக்கு ஏற்ற குளிர் உலகத்திலேயே இல்லை என்று முதலாளி அளந்துகொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் உட்கார்ந்தார்கள். பால் இல்லாத காப்பி கேட்டார்கள். கொண்டுபோன பழனியம்மாளை, ஏதாவது வேண்டியிருக்கும் என்று அங்கேயே நிற்கச் சொன்னார் முதலாளி.

சத்யராஜ் சுருட்டை நீளவாக்கில் விரலால் தடவினார், அவள் இலையைத் தடவுகிற மாதிரியே. நுனியை மோந்தார். நெற்றி லேசாகச் சுருங்கியது. வாயில் வைக்கிற முனையைக் கத்தரித்து, பற்றவைக்காமலே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். பிறகு நீளத் தீக்குச்சியில் சுற்றிச் சுற்றிக் காட்டிப் பற்றவைத்தார். அவ்வளவு பெரிய சுருட்டு எரிந்து முடிய ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். அவ்வளவு நேரமும் அவள் அங்கேயே நிற்க வேண்டும்.

முதல் அங்குலத்தில் சாம்பல் வெள்ளையாக, உதிராமல் நின்றது. காப்பி வாசம், கொஞ்சம் வெல்லம் என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினார். முதலாளி முகம் மலர்ந்தது. அடுத்த இழுப்பில் எழுதுவதை நிறுத்தினார். ஏதோ விறகுப் புகை மாதிரி வருகிறதே என்றார். பாதி எரிந்ததும் சுருட்டைத் தட்டில் வைத்தேவிட்டார்.

"இதுல ஆரஞ்சு வாசம் வருதுங்க. நல்ல சுருட்டுல இது வராது. மட்டமான சரக்குல எசன்ஸ் ஏத்தி விக்கறவங்க இருக்காங்க. யார்கிட்ட வாங்கினீங்க?"

முதலாளியின் முகம் கறுத்தது. ரியாஸ் பேரைச் சொன்னார். இத்தனை வருசம் பழகியும் ஏமாற்றிவிட்டானே, இன்று சாயங்காலத்துக்குள் கடைவீதி முழுக்க அவன் யோக்கியதையைச் சொல்கிறேன் என்று போனை எடுத்தார். எண்ணைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டார். மணி அடிக்க ஆரம்பித்தது.

பழனியம்மாள் யோசித்தாள். வாயைத் திறக்காமல் நின்றால் போதும், யாருக்கும் தெரியாது, ஊடு தப்பிக்கும். ரஹீமின் சிரித்த முகம் கண்முன் வந்தது. இரண்டாவது மணி அடித்தது. சனியனே, நீ பண்ணினதுக்கு அந்தப் பையன் திருட்டுப் பட்டம் சுமக்கணுமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ஐயா, ரியாசு ஏமாத்துலீங்க. பூஞ்சை பூத்துப்போச்சுங்க. நாந்தானுங்க அடுப்பு மேல வெச்சேன். ஆரஞ்சுத் தோலும் நாந்தானுங்க போட்டேன்."

அதே நேரம் போனில் ரியாஸின் குரல் வந்தது. "சொல்லுங்க சார், நல்லாருக்கீங்களா?"

முதலாளி அவளையே பார்த்தார். சும்மாதான்ப்பா கூப்பிட்டேன், அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டார். பழனியம்மாள் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தாள். யாரும் கேட்கவில்லை, தானாகவே வைத்தாள்.

சத்யராஜ்தான் எழுந்து, பெட்டி இருந்த அலமாரியைப் பார்க்கப் படுக்கையறைக்குப் போனார். முதலாளியும் பின்னாலேயே போனார். சத்யராஜ் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை நனைந்து வந்தது.

"சரக்கு அசல்தான், அதுல சந்தேகமில்ல. ஆனா வாசம் கெட்டுப்போச்சு, நான் நல்லதுன்னு எழுத மாட்டேன். இந்த ஈரத்துலயே விட்டிருந்தா மொத்தத்தையும் குப்பையிலதான் கொட்டியிருக்கணும்" என்றார்.

முதலாளி திரும்பி வந்து உட்கார்ந்தார். நாலு மாசமாக எட்டிப் பார்க்காதது தன் தப்புதான் என்று அவருக்கே தெரிந்தது. மேசையில் கிடந்த போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். பிறகு சாவிக்கொத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"அடுத்த மழைக்குள்ள அந்தச் செவுத்தைப் பூசணும். அதுவரைக்கும் பெட்டிய உன் ஊட்டுலயே வெச்சுக்க. அடுப்பு மேல மட்டும் வெக்காத."

ஊடு போகவில்லை என்று அவளுக்கு விளங்கியது. சரிங்கய்யா என்றாள். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, காலிக் காப்பிக் கோப்பைகளை அடுக்கிச் சமையல்கட்டுக்கு எடுத்துப் போனாள். அங்கே போய்த்தான் அழுதாள்.