கீழ்வேளூர் சாலையில் மின்னலுக்கும் இடிக்கும் நடுவே

கோடியக்கரைக்குப் பூநாரைகள் வந்துவிட்டன என்று மச்சான் போனில் சொன்னதும், அக்டோபர் கடைசியில் நானும் என் மனைவி ஜெஸ்ஸியும் தஞ்சாவூரிலிருந்து கிளம்பினோம். மச்சான், அதாவது அவள் அண்ணன், இருப்பது கீழ்வேளூரில். அவர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினோம். மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய பைக்கில் புறப்பட்டோம். முந்நூறு ரூபாய் பெட்ரோல் போக வரப் போதும். மழைக்காலத்தில் பைக்கை எடுத்ததுதான் தப்பு.

ஊரைத் தாண்டி மூன்று கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், வானம் கருத்துவிட்டது. இரண்டு பக்கமும் நடவு வயல். தெற்கே ஒரு மின்னல் வெட்டியது. மின்னல் எவ்வளவு தூரத்தில் என்று கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு: வெளிச்சம் உடனே வந்துவிடும், சத்தம் ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று விநாடி ஆகும். எண்ணினேன். பன்னிரண்டில் இடித்தது. நான்கு கிலோமீட்டர். அடுத்தது ஆறிலேயே இடித்தது.

“எண்ணுனது போதும், வண்டிய நிறுத்துங்க,” என்றாள் ஜெஸ்ஸி. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினோம்.

சற்றுத் தள்ளி, சாலையோரம் தனியாக நின்ற புளியமரத்தடியில் முழங்கால்வரை சேறோடு மூன்று பெண்கள் ஒதுங்கியிருந்தார்கள். பின்னால் ஒரு மினி பஸ் வந்தது. ஜெஸ்ஸி நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். டிரைவர் நிறுத்திவிட்டார்.

“அக்கா, மரத்தடியில நிக்காதீங்க! பஸ்ல ஏறுங்க!” என்று கத்தினேன்.

இருவர் ஓடி வந்தார்கள். வசந்தா என்று அவர்கள் கூப்பிட்ட மூன்றாமவர் அசையவில்லை. “இரும்பு வண்டிக்குள்ளயா? இடி இரும்புலதாங்க எறங்கும்!”

“எறங்கினாலும் வெளித் தகட்டோடயே மண்ணுக்குப் போயிடுங்க. உள்ள இருக்கறவங்கள ஒண்ணும் பண்ணாது.”

“உறுதியா சொல்றீங்களா?”

படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. சூரியனின் மேற்பரப்பைவிடப் பல மடங்கு சூடான ஒன்றைப் பற்றி ஒரு மனுஷிக்கு வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. “உறுதியா சொல்றேன், வாங்க,” என்றேன்.

அவர் ஏறினார், பின்னாலேயே நாங்களும் ஏறினோம். “ஜன்னல் கண்ணாடிய மூடுங்க, கம்பியப் பிடிக்காதீங்க,” என்றேன். கடைசி ஜன்னலை மூடும்போதே எல்லாம் வெள்ளையானது. எண்ண இடமில்லை, வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே விழுந்தன. பஸ் குலுங்கியது. யாரோ அழுதார்கள்.

கண் தெளிந்து பார்த்தால், எதிர் வயலில் ஒரு பனைமரத்தின் உச்சி புகைந்தது.

“புளியமரம் நல்லாத்தான இருக்கு,” என்றார் வசந்தா. ஆமாம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “சார், வயல் தண்ணியில நின்னா?”

“தண்ணி வழியாவும் பாயுங்க.”

முந்தானையில் முடிந்திருந்த போனை எடுத்தார். “ஏ செல்வி, நாத்த அங்கயே போடு. எல்லாரும் ரோட்டுக்கு ஓடியாங்கடி, பஸ் நிக்குது!”

மழைக்குள் ஐந்து பேர் வரப்பில் ஓடி வந்தார்கள். டிரைவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கடைசி ஆள் ஏறிய பிறகுதான் மூடினார்.

பூநாரைகளை மறுநாள் காலையில் பார்த்தோம். நீங்கள் போவதாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் பைக் வேண்டாம். பஸ்ஸிலோ காரிலோ போங்கள். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே நீங்கள் மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள். கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் உள்ளேயே இருங்கள். வெளியே யாராவது நின்றால், தெரியாதவர்களாக இருந்தாலும், கூப்பிடுங்கள். வர மறுத்தால் மறுபடியும் கூப்பிடுங்கள்.