அரை மணி பொறு, சுகிர்தம்

தேயிலை டப்பாவுக்குள் நூலில் கட்டிய காந்தத்தை இறக்கி, கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவர் மாதிரி துழாவிக்கொண்டிருந்தார் எலியேசர். இரும்புத் தூள் எதுவும் ஒட்டவில்லை. "ஒட்டல. அப்போ கடைக்காரன் வேற என்னத்தையோ கலந்திருக்கான்" என்று டப்பாவை மூடி மேல்தட்டில் ஏற்றிவிட்டார். அவர் மனைவி சுகிர்தம், கொதித்த தண்ணீரை இறக்கி வைத்தாள். தலைச்சன் பிள்ளை வயிற்றில் தங்கியதிலிருந்து அவளுடைய காலைத் தேநீர் இப்படித்தான் பறிபோகிறது.

எலியேசர் தெற்கத்தி நாசரேத்துக்காரர். டில்லியில் மத்திய சர்க்கார் குமாஸ்தா. ஆபீசில் ஒரு ஃபைலை மேஜைக்கு மேஜை தள்ளிவிடுகிற மனிதர், கரோல் பாகில் தம்முடைய ஒன்றரை அறை வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொள்வார். கலப்படம் என்று பத்திரிகையில் ஒரு வரி வந்தால் போதும், அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். மாவு கலந்த பாலில் அயோடின் விட்டால் நீலமாகும் என்று எங்கோ படித்துவிட்டு, தினம் ஒரு டம்ளர் பாலில் சொட்டு விட்டுப் பார்த்தார். ஒரு நாளும் நீலமாகவில்லை. "கள்ளப்பய உஷாராயிட்டான்" என்றார். சொட்டு விட்ட பால் சாக்கடைக்குப் போயிற்று. அது சுகிர்தத்தின் பங்கு என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

மிளகில் பப்பாளி விதை கலக்கிறார்கள் என்று படித்த அன்று ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தார். பிள்ளைத்தாய்ச்சி பப்பாளி தின்னக்கூடாது என்று அவர் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பப்பாளி மிளகு வேஷம் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டதே! வீட்டிலிருந்த மிளகு முழுவதையும் வாளித் தண்ணீரில் கொட்டினார். மிதப்பதெல்லாம் விதையாம். எதுவும் மிதக்கவில்லை. "சில வெதை முங்கவும் செய்யும்" என்று அத்தனையையும் குப்பையில் கொட்டினார். மிளகு போனதும் ரசமும் போயிற்று. குமட்டலுக்கு நடுவே சுகிர்தத்துக்குத் தொண்டையில் இறங்கிய ஒரே சாப்பாடு அதுதான்.

எந்தச் சோதனைக்கும் அகப்படாத பண்டத்துக்கு அவரே சோதனைக்கூடம். தோசை சூடாகத் தட்டில் விழுந்ததும் முதலில் அவர் உட்காருவார். ஒரு விள்ளல் பார்த்தால் விஷம் தெரியாதாம், வயிறு நிறையச் சாப்பிட்டால்தான் தெரியுமாம். சாப்பிட்டு முடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்துகொள்வார்.

"வயிறு எரியுது அத்தான்."

"அரை மணி பொறு, சுகிர்தம். எனக்கு ஒண்ணுஞ் செய்யலைன்னா நீ தாராளமா சாப்பிடலாம்."

அரை மணி கழித்து அவள் முன்னால் இருப்பது செருப்புத் தோலாக ஆறிப்போன தோசை. குளிர்காலத்தில் அதைப் பார்த்தாலே அவளுக்கு ஓங்கரிக்கும்.

ஆனால் தெருவில் அவருக்கு ஏக மரியாதை. "இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்?" என்று வேதக்கோயிலிலும் கடையிலும் பெண்கள் அவளிடமே பெருமூச்சு விட்டார்கள். பசிக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் திமிர் என்பார்கள்.

ஏழாம் மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே நர்ஸாக இருக்கும் மாடி வீட்டு பிலோமினா சுகிர்தத்தை எடை பார்த்தாள். போன மாதத்தைவிடக் குறைந்திருந்தது. "புள்ள வளரலம்மா. நல்லா சாப்பிடு. இப்படியே போனா புள்ளைக்குத்தான் ஆபத்து" என்றாள். உள்ளே கிடக்கும் ஜீவனும் இத்தனை நாள் தன்னோடு சேர்ந்து அரை மணி, அரை மணியாகக் காத்துக் கிடந்திருக்கிறது என்று நினைத்ததும் சுகிர்தத்துக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"இந்த ஊர்ல எதைக் குடுக்கன்னே தெரியல சிஸ்டர்" என்று ஆரம்பித்தார் எலியேசர். அவருடைய சட்டையில் வயிற்றுக்கு நேரே இரண்டு பொத்தான்கள் திறந்து கிடந்ததைப் பிலோமினா பார்த்தாள். "நீங்களும் ஒருவாட்டி ஏறுங்க சார்" என்றாள். எடை மெஷினின் முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க நல்லா வளர்றீங்க" என்றாள்.

பஸ் ஸ்டாப் வரை எலியேசர் தலை நிமிரவில்லை. அங்கே தள்ளுவண்டியில் ஒருவன் சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் கரியில் சுட்டு, தோலுரித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து விற்றுக்கொண்டிருந்தான். "இனிமே எதுனாலும் நீதான் மொதல்ல. ஆண்டவர் மேல சத்தியமாச் சொல்லுதேன்" என்று எலியேசர் ஒரு தொன்னை வாங்கினார். மனிதர் அதை மனதாரத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே பெரிய துண்டாக ஒன்றை எடுத்துத் தம் வாயில் போட்டுக்கொண்டு, வண்டி விளக்கின் வெளிச்சத்தில் கைக்கடிகாரத்தைத் திருப்பினார்.

சுகிர்தம் தொன்னையைப் பிடுங்கினாள். அவருக்கு முதுகைக் காட்டி நின்று, நாக்குச் சுடச்சுட அவ்வளவையும் அள்ளிப் போட்டுக்கொண்டாள். பிறகு, வாய் நிறைய இருந்ததால் பேச முடியாமல், இன்னொரு முறை நிரப்பக் காலித் தொன்னையை வண்டிக்காரனிடம் நீட்டினாள்.