தேர் நாளில் எண்ணிய பெரட்டு

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

நம் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவை மூடச் சொல்லிக் கணக்குப் போட்டவர், எனக்கு வரவேண்டிய நாற்காலியில் இருக்கும் திட்ட அதிகாரி. மூடினால் அங்கே முந்நூறு பேருக்கு வேலை போகும்.

ஓர் ஆண்டின் ஆள்தொகையிலிருந்து அடுத்த ஆண்டைக் கணித்து, எண் அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பப் போடுகிற கணக்கு அது. அவருக்குப் பூஜ்யத்தில் நின்றது.

இன்று டிக்கோயா பஸ்ஸில் மேல்பிரிவுக் கணக்கப்பிள்ளையைக் கண்டு, காலையில் வேலைக்கு வந்தவர்களை எண்ணும் பெரட்டைப் பற்றிக் கேட்டேன்: "திட்ட அதிகாரி எந்த நாள் பெரட்டுல ஆள் எண்ணினாரு?"

"தேர் அன்னைக்குங்க சார். நாப்பது பேர்தான் வேலைக்கு வந்தாங்க."

பின்சீட்டில் இருந்த கொழுந்தெடுக்கும் அம்மா சிரித்தார். "அந்த ஐயா தேருக்கு வந்திருந்தா எங்க எல்லாரையும் எண்ணியிருக்கலாமே!"

நாற்பது பேரில் தொடங்கினால் பறிக்க ஆள் போதாமல் கொழுந்து முற்றும், வருமானம் விழும், ஆள் இன்னும் குறையும். கணக்கு பூஜ்யத்துக்குத்தான் உருளும். வீட்டுக்கு வந்ததும் சாதாரண நாளின் முந்நூறில் தொடங்கிப் போட்டேன். இருநூற்றுத் தொண்ணூறில் அசையாமல் நின்றது.

இதை அலுவலகப் பலகையில் ஒட்டுகிறேன், பெயர் போடாமல். போட்டால் கணக்கை விட்டுவிட்டு என் பழைய பகையைப் பேசுவார்கள். எழுதியவன் யாரென்று கண்டுபிடித்தவர்கள் முதலில் கணக்கைச் சரிபாருங்கள். பிழை இருந்தால் எழுத, கீழே இடம் விட்டிருக்கிறேன்.