மாடிவீட்டுப் பிரெஞ்சு

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் போதும், சங்கரேஸ்வரி கிரைண்டரை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். மாடியில் குடியிருப்பது கொழுந்தன் இசக்கித்துரையின் பெண்டாட்டி ராஜேஸ்வரி. சங்கரேஸ்வரி கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டாம் வருஷமே ஓரகத்தியாக வந்து சேர்ந்தவள். மாடிக்கு வாஷிங் மெஷின் ஏறினால் மூன்று மாதத்துக்குள் கீழ்வீட்டிலும் ஒன்று வந்துவிடும். மாடியில் ஜன்னல் திரை மாறினால் கீழேயும் மாறும். சங்கரேஸ்வரி இட்லி மாவு அரைத்து நான்கு தெருவுக்குக் கொடுக்கிறவள், அவள் புருஷன் பாண்டிராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். உழைப்பில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த உழைப்பெல்லாம் மாடியைப் பார்த்தபடியே நடந்தது.

இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே வருஷம் பத்தாம் வகுப்பு முடித்தார்கள். கீழ்வீட்டு அபிஷாவுக்குத் தமிழில் தொண்ணூற்றெட்டு. மாடிவீட்டுச் சுகிர்தாவுக்கு எழுபத்தொன்று. அந்த ஒரு வாரம் சங்கரேஸ்வரி மாவு வாங்க வந்தவர்களிடமெல்லாம், கேட்காதவர்களிடமும், அந்தத் தொண்ணூற்றெட்டைச் சொல்லிவிட்டாள்.

ஒரே தனியார் பள்ளியில்தான் பிளஸ் ஒன் சேர்க்கை. பத்து வரைக்கும் எல்லாருக்கும் தமிழ். பிளஸ் ஒன்னில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்துக்கொள்ளலாம் என்று விண்ணப்பத்தில் இரண்டு கட்டம் போட்டிருந்தார்கள். பிரெஞ்சு என்றால் ஏ பி சி டியிலிருந்து ஆரம்பிப்பார்கள், மனப்பாடம் பண்ணினால் மார்க் கொட்டும் என்று ஊரில் பேச்சு. அபிஷா யாரையும் கேட்காமல் தமிழுக்கு நேரே டிக் அடித்துவிட்டாள்.

சங்கரேஸ்வரிக்கு மாடியில் என்ன எழுதினார்கள் என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. மேலே ஏறிப் போய்க் கேட்டாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ராஜேஸ்வரி தலையை நிமிர்த்தவில்லை. "என்னத்தக்கா, எல்லாப் பிள்ளையளும் எடுக்கதுதான்" என்றாள்.

மறுநாள் விண்ணப்பத்தை நகல் எடுக்கப் போன இடத்தில் ஜெராக்ஸ் கடை சங்கரசுப்பு அண்ணாச்சி உடைத்துவிட்டார். "இப்பதான் ஒங்க மாடிவீட்டம்மா வந்துட்டுப் போறாவ. பிரெஞ்சுல்லா போட்டிருக்காவ. நீங்க தமிழா?"

சங்கரேஸ்வரிக்கு முகம் சுண்டிவிட்டது. எழுபத்தொன்று வாங்கின பிள்ளைக்குப் பிரெஞ்சு சரிதான் என்று நினைக்கத் தோன்றவில்லை. தன்னிடம் மறைத்துவிட்டாளே என்பதுதான் தோன்றியது. நாளைக்கு அவள் மகள் நூறு வாங்கி, நம் மகள் தமிழில் தொண்ணூறோடு நின்றால்? அண்ணாச்சியிடம் ஒயிட்னர் கேட்டு வாங்கினாள். தமிழுக்கு நேரே இருந்த டிக்கை அழித்து, ஊதிக் காயவைத்து, பிரெஞ்சுக்கு நேரே தன் கையால் போட்டாள்.

வகுப்பு தொடங்கிய அன்று, பிரெஞ்சுக்காரர்கள் எழுந்து பக்கத்து அறைக்குப் போகும்படி டீச்சர் பெயர் வாசித்தபோதுதான் அபிஷாவுக்கு விஷயம் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அழவில்லை, சண்டையும் போடவில்லை. புத்தகத்தை எடுத்து வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். பிள்ளை ஒத்துக்கொண்டாள் என்று சங்கரேஸ்வரி எண்ணிக்கொண்டாள்.

காலாண்டு மார்க் வந்தது. சுகிர்தாவுக்குத் தொண்ணூற்றைந்து, அபிஷாவுக்குத் தொண்ணூற்றொன்பது. விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மாடியிலிருந்து ராஜேஸ்வரி எப்போது இறங்குவாள் என்று சங்கரேஸ்வரி வாசலிலேயே நின்றாள். இறங்கியவள் "கெட்டிக்காரிதான்க்கா" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டாள். அந்த நடையைப் பார்க்கவே அவ்வளவு நிறைவாக இருந்தது.

உள்ளே வந்தபோது அபிஷா ஒரு தாளை நீட்டினாள். மொழிப்பாடம் மாற்றக் கோரும் கடிதம். காலாண்டு லீவு முடிவதற்குள் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் மாற்றித் தருவதாக ஹெட்மிஸ் சொல்லியிருந்தாராம்.

"தொண்ணூத்தொம்பது வாங்கிட்டு யாராவது மாறுவாவளாட்டி?"

"எம்மா, மாடிவீட்ட ஜெயிச்சாச்சுல்லா. இனி என்னைய விட்டுருதியா?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். "காலேஜ்ல நான் தமிழ்தான் படிக்கப் போறேன். ப்ளஸ் டூல தமிழே படிக்காம எந்த மூஞ்சியோட போய் சீட்டு கேப்பேன்?"

சங்கரேஸ்வரி பேச்சை மாற்றிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். பாண்டிராஜ் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, வகுப்பில் போய் உட்காரப்போவது யார் என்று மட்டும் கேட்டார்.

லீவின் கடைசி நாள் வரைக்கும் அந்தத் தாள் சாமி படத்துக்குக் கீழே கிடந்தது. இப்போது மாற்றினால் பயந்து ஓடிவிட்டாள் என்று மாடியில் சொல்வார்கள். சுகிர்தாதான் முதல் மார்க் என்றாகிவிடும். ஆனால் மூன்று மாதமாகப் பிள்ளை சிரித்து ஒரு பேச்சுப் பேசவில்லை என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. அன்று காலை சேலை மாற்றிக்கொண்டு பள்ளிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். ஹெட்மிஸ் காரணம் கேட்டபோது, டிக்கை மாற்றியது தான்தான் என்று சொன்னாள்.

டிசம்பரில் அரையாண்டு மார்க் வந்தது. பிரெஞ்சில் சுகிர்தா தொண்ணூற்றேழு, வகுப்பில் முதல். தமிழில் அபிஷாவுக்கு எண்பத்தாறு. ராஜேஸ்வரி தட்டு நிறையக் கேசரியோடு இறங்கி வந்தாள்.

"அபி இருந்திருந்தா அவதான் எடுத்திருப்பாக்கா" என்றாள். மனசாரச் சொன்னாளா, குத்திக்காட்டினாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஒன் பிள்ள நல்லாப் படிக்கட்டும்" என்று சங்கரேஸ்வரி சொல்லிவிட்டாள். சொன்னது வாய் மட்டும்தான்.

அபிஷா வந்து இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, தமிழ் வகுப்பில் அன்று நடந்த வேடிக்கை ஒன்றைச் சொல்லிச் சிரித்தாள். சங்கரேஸ்வரி முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்து ஒரு துளி கேசரியை நாக்கில் வைத்தவள், சீனி பத்தாது என்றாள்.