நவமணி தட்டிய ஔகாரம்

நவமணி டைப் செய்தால் புரூப் பார்க்க வேண்டாம் என்று ஜார்ஜ்டவுன் குயின் ஸ்ட்ரீட்டில் ஒரு பேச்சு இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அது உண்மைதான். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதி அறிவிப்பு என்று இருபத்தேழு வருஷம் சீனி முகம்மதுவின் அச்சுக்கடையில் உட்கார்ந்து தட்டியவள். இரண்டு சுழி, மூன்று சுழி மாற்றி எழுதிக்கொண்டு வருகிறவர்களை நிற்க வைத்தே திருத்துவாள். ஒருமுறை மாப்பிள்ளையின் பெயரையே திருத்திவிட்டாள். பிறப்புப் பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று பெண் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். "அப்ப பத்திரம் தப்பு" என்றாள். அவ்வளவு திமிர், அந்தத் திமிரைத் தெருவே ரசித்தது.

கடையை மூடிய பிறகு, பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடம் தயாரிக்கும் ஒரு சின்ன மையத்தில் சேர்ந்தாள். தமிழ்ப் பாடநூலைப் பக்கம் பக்கமாகக் கணினியில் தட்ட வேண்டும். படம் வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். பிள்ளையின் போனில் இருக்கும் குரல் அதை வாசித்துக் காட்டும். அவளுக்கு வாய்த்த பிள்ளை ஒன்றே ஒன்று, கடலுக்கு அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் இருந்த சுபாஷினி. பதினேழு வயது. படித்ததெல்லாம் மலாய் மொழியில்தான், தமிழ் என்றால் வீட்டில் பேசுகிற தமிழ் மட்டும். அப்படியிருந்தும் பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

உனக்கு எதுக்கு இந்தப் பாடு என்று அம்மா தனலெட்சுமி கேட்டதற்கு, "யாரும் எடுக்கலன்னு புத்தகம் செய்ய மாட்டேங்கிறாங்க. புத்தகம் இல்லன்னு யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க. ஒருத்தராச்சும் எடுக்கணும்லா" என்றாளாம். அதைக் கேட்டதிலிருந்து நவமணிக்கு அந்தப் பெண்ணின்மேல் உயிர்.

ஒன்றரை வருஷத்தில் நூற்று நாற்பத்தாறு பாடங்கள். ஃபெர்ரி படத்துக்கு 'கடலில் ஒரு படகு செல்கிறது' என்று எழுதி அனுப்பினால், "கலர் சொல்லுங்க ஆண்ட்டி. நான் பார்த்ததில்லதான், ஆனா மத்தவங்க பேசுறப்ப நானும் பேசணும்" என்று குரல்பதிவு வரும். பிள்ளைகுட்டி இல்லாத நவமணி அந்தப் பதிவுகளில் ஒன்றைக்கூட அழிக்கவில்லை.

ஜார்ஜ்டவுனில் மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி வைத்தார்கள், தலைப்பு இளமை. சுபாஷினி பெயர் கொடுத்தாள். தொண்ணூற்றோராம் பாடத்துக் கட்டுரையை அடியொற்றித்தான் பேச்சு. மூன்றாம் வரிசையில் நவமணி புதுப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை நன்றாகத்தான் ஆரம்பித்தது. பிறகு, "யெளவனம் நிலையாது" என்றது. 'யெ' என்று சொல்லி, 'ள'வைத் தனியாக அழுத்தி, யெ-ள-வ-னம். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாலு தடவை அந்தச் சொல் வந்தது. நாலாவது தடவை மண்டபமே சிரித்தது. நடுவர் மைக்கைப் பிடித்து, தெரியாத சொல்லை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்று அன்பாகவே வேறு கேட்டுத் தொலைத்தார்.

வெளியே வந்ததும் சுபாஷினி கேட்டாள். "பாடத்துல அப்படித்தான ஆண்ட்டி இருந்துச்சு?"

"பாடத்துல சரியாத்தாம்மா இருக்கு. நீதான் சரியாக் கேக்கல. இனிமே நல்லாக் காது குடுத்துக் கேளு" என்றாள் நவமணி.

மறுநாள் காலை ரைபிள் ரேஞ்ச் ஃப்ளாட்டில் தன் வீட்டில் கணினியைத் திறந்து பார்த்தாள். யௌவனம், சரியாகத்தான் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தாலும் சரிதான். அப்புறம்தான், ஒன்றரை வருஷத்தில் முதல் முறையாக, அந்தக் குரலை ஓடவிட்டுக் கேட்டாள். யெ-ள-வனம் என்றது. கௌதாரி கெ-ள-தாரி ஆனது, பௌவம் பெ-ள-வம் ஆனது.

அச்சுக்கடையின் பழைய எழுத்துருவில் 'யௌ'வுக்குத் தனி விசை கிடையாது. 'யெ' தட்டி, பக்கத்தில் 'ள' தட்டினால் காகிதத்தில் அச்சு அசலாக விழும். இருபத்தேழு வருஷம் விரல் அப்படியே பழகிவிட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கண்ணே இல்லாத பிள்ளைக்கு அவள் கண்ணால் மட்டும் புரூப் பார்த்திருக்கிறாள். ஐயோ, எவ்வளவு பெரிய பாவம் செய்துவிட்டேன் என்று அன்று சோறுகூட இறங்கவில்லை அவளுக்கு.

அப்போதே போனை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. திருத்திக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் தப்பு பாதியாகிவிடும் என்று அந்தப் பாழாய்ப்போன திமிர் சொன்னது. எகரத்துக்குப் பின்னால் 'ள' வரும் இடத்தையெல்லாம் மொத்தமாக மாற்றச் சொல்லிக் கணினிக்கு உத்தரவு கொடுத்தால், நிஜமாகவே 'ள' உள்ள வெள்ளியும் தெளிவும் வெள்ளமும் சேர்ந்து கெட்டன. ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது, ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு. மூன்று வாரம் ஆயிற்று.

ஃபெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, கெப்பாலா பத்தாஸ் போய்ச் சேர்ந்தாள். தனலெட்சுமி தேநீர் கலக்க உள்ளே போனதும் நவமணி உட்காராமலே சொன்னாள். "அன்னிக்கு நீ சொன்னதுதாம்மா சரி. தப்பு என்னோடது. நான் தட்டுனதே தப்பு. எல்லாத்தையும் திருத்திட்டேன்." பென்டிரைவை அவள் கையில் வைத்தாள்.

சுபாஷினி அதை விரலால் தடவிப் பார்த்தாள். "தமிழ விட்டுட்டேன் ஆண்ட்டி. போன வெள்ளிக்கிழம பரீட்சைப் பாரத்துலேருந்து பேர எடுத்தாச்சு."

"டீச்சர்கிட்ட நான் பேசுறேன்மா."

"முடிஞ்சு போச்சு ஆண்ட்டி, மேல அனுப்பிட்டாங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "நீங்க தப்பே போட மாட்டீங்கன்னு சென்டர்ல எல்லாரும் சொல்லுவாங்க. அதான் என் காதுதான் சரியில்லன்னு நெனச்சிட்டேன். கண்ணுதான் இல்ல, காதும் சரியில்லன்னா இந்தப் பாடம் எனக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

பிள்ளையின் தலையைத் தொடப் போன நவமணி தொடவில்லை.

சுபாஷினி கேட்டாள். "உங்களுக்கு இது எப்பத் தெரியும் ஆண்ட்டி?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்?

"போட்டிக்கு மறுநாளே தெரியும்மா" என்றாள் நவமணி.

சுபாஷினி தலையை ஆட்டினாள். பென்டிரைவை நவமணி இருந்த பக்கமாக நீட்டி, அவள் வாங்கிக்கொள்ளும்வரை கையை அப்படியே வைத்திருந்தாள்.